சின்னவளுக்கு மருந்து முடிந்தது, உங்கள் எல்லோருக்கும் நன்றி

எங்கள் சின்னவளுக்குப் போன வாரத்தோடு கீமோ மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு வந்தது ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு வருவதில் இதுதான் அதிகம். வார்டில் படுத்த படுக்கையாக இருந்தது முதல் சில மாதங்கள்தான், ஆனால் நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் மெயின்டனன்ஸ் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, நடுநடுவே முதுகில் போடும் ஊசி என்று எல்லாம் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டது. இனி செக்கப்புக்குப் போனால் போதும்.

"என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்று நிறையப் பேர் சொன்னீர்கள். மனதாரச் சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என்ன கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கேட்காமலேயே ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கடைசிவரை விடாமல் செய்தீர்களே, அதனால்தான் எங்கள் வீடு ஓடியது.

முதலில் கீழ் வீட்டு அக்கா. ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் பிள்ளைக்கு முகம் உப்பிவிடும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இப்பவே வேண்டும் என்று அழுவாள், அடம் இல்லை அது, அந்த மருந்து கிளப்பிவிடும் பசி. கவுன்ட், அதாவது ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், குறைந்திருக்கும்போது காலையில் செய்ததை எடுத்துவைத்துக் கொடுக்கவும் கூடாது, வெளிச் சாப்பாடு கூடவே கூடாது, எல்லாம் அப்போதே சமைத்ததாக இருக்க வேண்டும். அழுகைச் சத்தம் மாடியிலிருந்து கேட்டதுமே அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். "நீ புள்ளையைப் பாரு, நான் வறுத்து எடுத்துட்டு வரேன்" என்று படிக்கட்டிலிருந்தே குரல் வரும். கதவுக்கு வெளியிலேயே டப்பாவை வைத்துவிட்டுப் போய்விடுவார், உள்ளே வர மாட்டார். அன்றைக்கு அவருக்கு லேசாகத் தொண்டை கட்டியிருந்தால் தான் சமைக்காமல் மகளைச் சமைக்கச் சொல்லுவார். இந்தக் கவனம் எல்லோருக்கும் வராது அக்கா.

பெரியவனின் வகுப்பு மிஸ்ஸுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கீமோவில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் அது வெறும் அம்மை இல்லை, நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருநாள் இரவு மிஸ் போன் செய்தார், பெரியவன் பெஞ்சிலேயே உட்காரும் பையனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம், அந்த அம்மா சொன்ன உடனே எங்களைத்தான் முதலில் கூப்பிட்டாராம். டாக்டரிடம் கேட்டோம், ஒட்டியிருந்தால் வெளியே தெரிய மூன்று வாரம் வரை ஆகலாம் என்றார். அன்று ராத்திரியே அவனுடைய அத்தை வில்லிவாக்கத்திலிருந்து வந்து அவனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரமும் மிஸ் பாடத்தையெல்லாம் போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பினார், அவன் எழுதியதைத் திருத்தியும் அனுப்பினார். வீட்டில் எல்லோரும் தங்கச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், "நீ இன்னிக்கு என்னடா சாப்பிட்ட, யார்கூட விளையாடின?" என்று அவனிடம் கேட்க அத்தை இருந்தார். அண்ணி, உங்களுக்கு நான் தனியாக நன்றி சொன்னால் திட்டுவீர்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பூரிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் அடையாறுக்கு 29சி பஸ் நேராகவே போகும், ஆனால் கவுன்ட் இல்லாத பிள்ளையைக் கூட்டத்தில் ஏற்ற முடியாது. எங்கள் தெரு ஆட்டோ அண்ணன் வண்டி எடுப்பதற்கு முன் சீட்டை டெட்டால் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் திரையை இறக்கிவிட்டுத்தான் எங்களை ஏற்றுவார். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் மணி எத்தனையானாலும் உடனே கிளம்ப வேண்டும் என்பது எங்களுக்கு டாக்டர் சொன்ன விதி. அதை அண்ணனும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார், நடுராத்திரி போன் அடித்தால் "நூறு தாண்டிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

அப்புறம், பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், கொடுத்தவர்கள். உங்களில் பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. பிளேட்லெட்டை ஐந்து நாளைக்கு மேல் சேமித்துவைக்க முடியாது, அதனால்தான் கல்லூரிகள் மூடி, கொடுக்க வரும் மாணவர்கள் ஊருக்குப் போய்விடும் லீவு நாட்களில் ஒரு பைக்கு அப்படி அலைய வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மெஷினில் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும், பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பி ஏற்றுவார்கள். பொங்கலன்று காலையில், வீட்டில் பானை வைத்துவிட்டு அப்படியே கிளம்பி வந்த தம்பி, நீ கொடுத்த பை ஏறிய பிறகுதான் இவளுக்கு மூக்கில் ரத்தம் நின்றது. நீ நன்றாக இருக்கணும்பா.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் டாக்டர்களுக்கும், கை நரம்பு கிடைக்காதபோது ஒருமுறைகூட முகம் சுளிக்காத சிஸ்டர்களுக்கும், வார்டைத் துடைக்கும்போதே பிள்ளைகளுக்கு ராஜா ராணி கதை சொல்லும் ஆயா அம்மாவுக்கும் நன்றி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே டாக்டராக இருந்து அதை வளர்த்த சாந்தா அம்மா கடைசிவரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அவர்களுக்கு என் பிள்ளை பேரில் ஒரு கும்பிடு. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கும் நன்றி. கசக்கும் மாத்திரையைப் பிள்ளை துப்பாமல் விழுங்க வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். உங்கள் பையனுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, நாங்கள் வந்து பார்க்கிறோம், ரத்தம் வேண்டுமென்றால் முதல் போன் எங்களுக்குத்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. எங்கள் சமையலறையில் உங்கள் எவர்சில்வர் பாத்திரங்கள் ஏகப்பட்டது சேர்ந்திருக்கிறது. பெயர் வெட்டியதெல்லாம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வெட்டாதவற்றை நீங்களே வந்து அடையாளம் காட்ட வேண்டும். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி முழுதாகத் திரும்ப இன்னும் சில மாதம் ஆகுமாம், அதனால் சளி, இருமல் இருப்பவர்கள் மட்டும் சரியான பிறகு வாருங்கள். மற்றவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடாமல் வாருங்கள்.