பழைய காருக்கு 'அதிக விலை': விளம்பரம் சொல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"உங்கள் பழைய காரைக் கொடுங்கள், சந்தை விலையைவிட அதிகம் தருகிறோம்" என்ற விளம்பரம் கண்ணில் படாத வாரமே இல்லை. செய்தித்தாளில் வருகிறது, செல்பேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது, சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்கப் போனால் பில்லோடு ஒரு கடிதமாகவும் வருகிறது. இதை நம்பி எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறவர்களின் பணம் எந்த இடத்தில் கைநழுவுகிறது என்பது வியாபாரத்துக்குள் இருப்பவர்களுக்கு அத்துப்படி. வாங்க வருகிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

அடிப்படைக் கணக்கை முதலில் பார்ப்போம். புதிய காரின் பட்டியல் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் எதுவும் கொடுக்காமல் வாங்க வருகிறவர் பேரம் பேசினால் 6 குறையும், 94-க்குக் கிடைக்கும். உங்கள் பழைய காரை வெளியில் விற்றால் 30 வரும். அப்படியானால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 64. இப்போது ஷோரூம் சொல்வதைக் கேளுங்கள். "வெளியில் 30-தான் தருவார்கள். நாங்கள் 34 தருகிறோம், மேலே எக்ஸ்சேஞ்ச் போனஸ் 2." மொத்தம் 36. காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் என்றதும் புதிய காரின் தள்ளுபடி காணாமல் போய்விடும். மேலே கட்டாய ஆக்சசரீஸ், கையாளும் கட்டணம், பூச்சுப் பாதுகாப்பு என்று 4 சேரும். 104-இலிருந்து 36 போனால் 68. பழைய காரில் 6 அதிகம் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் உண்மையில் 4 அதிகம் கொடுத்திருக்கிறார்.

ஆகவே பழைய காருக்கு என்ன விலை தருகிறார்கள் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாம் போக நான் போட வேண்டிய வித்தியாசத் தொகை எவ்வளவு? புதிய காரின் விலை, தள்ளுபடி, ஒவ்வொரு கட்டணமும் தனித்தனியாக, பழைய காரின் விலை, போனஸ், கடைசியில் வித்தியாசம் என்று ஒரே தாளில், கையெழுத்துடன் வாங்குங்கள். அதே மாடல், அதே வேரியன்ட்டுக்கு இன்னொரு ஷோரூமிலும் இதேபோல வாங்கி, இரண்டு வித்தியாசத் தொகைகளை மட்டும் ஒப்பிடுங்கள். பிரித்து எழுதித் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்டவே கூடாது.

இதில் டீலர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஷோரூம் தரும் விலை, இணையத்தில் அதே காருக்குப் போட்டிருக்கும் விலையைவிடக் குறைவாக இருந்தால் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. இணையத்தில் இருப்பது விற்கிறவர் கேட்கும் விலை, கடைசியில் கைமாறும் விலை அதற்குக் கீழேதான் இருக்கும். டீலர் அந்தக் காரைப் பழுது பார்க்க வேண்டும், விற்கும்வரை இடத்தையும் முதலையும் முடக்க வேண்டும், வாரன்டி தர வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். தவிர, சில நாடுகளில் பழைய காரின் விலையைக் கழித்த மீதிக்கு மட்டுமே புதிய காரின் விற்பனை வரி. அங்கே வரி 8 சதவீதம், பழைய கார் 30 என்றால் எக்ஸ்சேஞ்சில் 2.4 மிச்சம். வெளியில் விற்பதானால் குறைந்தது 32.4 வந்தால்தான் அது லாபம். உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். குறைந்த விலையைக் குறைந்த விலை என்று சொல்லித் தருகிற டீலர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. குறைவாகக் கொடுத்துவிட்டு அதிகம் என்று விளம்பரம் செய்வதுதான் தவறு.

அடுத்து, "உங்கள் மாடலுக்கு இப்போது கிராக்கி அதிகம், ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார்" என்று வரும் கடிதங்கள். பெரும்பாலும் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. உங்கள் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரன்டி எப்போது முடிகிறது, அடுத்து என்ன பெரிய செலவு வரப்போகிறது என்பதெல்லாம் சர்வீஸ் பதிவேட்டில் இருக்கிறது. கடன் அவர்கள் மூலமாக வாங்கியிருந்தால் அது முடியும் தேதியும் தெரியும். அந்தப் பட்டியலை மென்பொருள் சலித்து, புதிய கார் வாங்கத் தோதான நிலையில் இருப்பவர்களுக்குக் கடிதம் அனுப்புகிறது. கடிதத்தில் பெரிய எண்ணில் ஒரு தொகை இருக்கும், பக்கத்தில் சிறிய எழுத்தில் "வரை" என்று இருக்கும். அந்த உச்ச விலை, மிகக் குறைந்த தூரம் ஓடிய, கீறல் இல்லாத, உயர்ந்த வேரியன்ட்டுக்கு. காரை யாரும் பார்க்காமல் எழுதிய எந்த விலையும் விலை ஆகாது. ஷோரூமுக்குள் கூப்பிடுவது மட்டுமே அதன் வேலை.

போன பிறகு சோதனை நடக்கும். உச்ச விலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள்: டயர், பேட்டரி, கீறல், இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கழிக்கும் தொகை. டயர் மாற்ற வாடிக்கையாளருக்கு ஆகும் முழு விலையைக் கழிப்பார்கள், அவர்களுக்கு அது மொத்த விலையில் கிடைக்கிறது, வேலையும் சொந்தப் பட்டறையில் நடக்கிறது. இரண்டாவது, தேய்மானம். ஐந்து வருடம் ஓடிய கார் என்ற கணக்கில் முதல் விலையிலேயே தேய்மானம் கழிந்திருக்கும். அதே தேய்மானத்தைச் சோதனைத் தாளில் மறுபடியும் கழிப்பது ஒரே பொருளுக்கு இரண்டு முறை கழிப்பது.

டயரைப் பற்றி என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்க்கலாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. புதிய டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவு 1.6. உங்கள் டயரில் 5 மில்லிமீட்டர் இருக்கும்போது நான்கு டயரும் புதிதாகப் போட வேண்டும் என்று கழித்தால், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பெரிய அடி "விபத்துக் கார்" என்ற முத்திரையில்தான் விழும். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்து ஒரு எண்ணைக் காட்டுவார்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். கீறலுக்காக ஒரு கதவுக்கு மட்டும் மறுபடி அடித்திருந்தால் அது 200, 300 என்று ஏறும். நசுங்கியதை நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசியிருந்தால் ஆயிரத்தையும் தாண்டும். ஆகவே ஒரு கதவில் 250 என்று காட்டுவது அந்தக் கதவுக்கு மறுபடி பெயின்ட் அடித்ததற்குச் சாட்சி, விபத்துக்குச் சாட்சி ஆகாது. பானெட் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தால் பானெட்டை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காரின் மதிப்பை உண்மையிலேயே குறைப்பது சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) பட்டைகள், கூரையைத் தாங்கும் தூண்கள், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள் இவற்றில் வெட்டி ஒட்டிய வெல்டிங். "எந்தப் பாகம், என்ன அளவு, படம் எங்கே" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன விபத்து பல நேரம் எழுத்தில் வருவதில்லை.

சோதனைக்குக் கொடுத்த சாவியைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் உண்டு. கார் உள்ளே எங்கோ இருக்கிறது, மேலாளர் வருகிறார் என்று மணிக்கணக்கில் உட்கார வைத்தால் களைத்துப்போய்ச் சம்மதிப்பார்கள் என்பது கணக்கு. இரண்டாவது சாவியையும் பதிவு ஆவணத்தையும் அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முன்பதிவு செய்த பிறகு இன்னொரு பொறி காத்திருக்கிறது. புதிய கார் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். டெலிவரி நாளில் பழைய காரை மறுபடி மதிப்பிட்டு, சந்தை இறங்கிவிட்டது என்று விலையைக் குறைப்பார்கள். அதற்குள் முன்பணம் மாட்டிக்கொண்டிருக்கும், வங்கிக் கடன் ஒப்புதலாகியிருக்கும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். இதற்கு மருந்து முன்பதிவு நாளிலேயே எழுதி வாங்கும் ஒரு தாள்: பழைய காரின் விலை, அது செல்லுபடியாகும் கடைசித் தேதி, அதுவரை ஓடக்கூடிய கிலோமீட்டர் வரம்பு, அன்றைய நிலையைக் காட்டும் படங்கள், புதிதாக ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே விலை குறையும் என்ற வாசகம், விலையைக் குறைத்தால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகம். போனஸ் பணமாகவா ஆக்சசரீஸாகவா, எந்தத் தேதிக்குள், என்ன ஆவணம் கொடுத்தால் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கொடியது கடன் பாக்கி இருக்கும் காரில் நடப்பது. "எவ்வளவு பாக்கி இருந்தாலும் நாங்களே அடைத்துவிடுகிறோம்" என்பார்கள். அமெரிக்காவில் இப்படி விளம்பரம் செய்த ஐந்து டீலர்கள்மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2012-இல் நடவடிக்கை எடுத்தது. வாடிக்கையாளரின் பழைய பாக்கி புதிய கடனோடு சேர்க்கப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. வேலை செய்யும் விதம் இதுதான். பழைய காரின் கடன் பாக்கி 24, அந்தக் காரின் விலை 18. இடைவெளி 6. புதிய காருக்கு 70 கடன் வாங்க வேண்டியவருக்கு 76 கடன் போடுவார்கள். 70-ஐ 10 சதவீத வட்டியில் 60 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை 1.49, மொத்தம் 89. அதே வட்டியில் 76-ஐ 84 மாதமாக நீட்டினால் தவணை 1.26-ஆகக் குறையும், மொத்தம் 106 ஆகும். தவணையை மட்டும் காட்டி "பார்த்தீர்களா, குறைந்துவிட்டது" என்பார்கள். 17 அதிகம் கட்டப்போவதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதோடு நிற்பதில்லை. முன்பணம் குறைவாக இருந்தால் புதிய கார் முதல் நாளே அதன் விலையைவிட அதிகக் கடனைச் சுமந்து நிற்கும். அது திருடு போனாலோ முழுச் சேதமானாலோ காப்பீடு தருவது காரின் மதிப்பைத்தான், மீதிக் கடன் உங்கள் தலையில். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று விற்பனையாளர் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். விலை, வட்டி, மாதங்கள், மொத்தத் தொகை என்ற நான்கையும் பற்றி மட்டும் பேசுங்கள்.

டீலர் கடனை அடைக்கும்வரை கடனாளி நீங்கள்தான். கடனை முழுவதும் அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும், இன்ன தேதிவரை செல்லும் முடிவுத் தொகைக் கடிதத்தை வங்கியிலிருந்து நீங்களே வாங்குங்கள். பணம் நேராக வங்கிக்கே போகட்டும். பாக்கியில்லைச் சான்று கைக்கு வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். அதிகமாகக் கட்டியது திரும்பி வரும், கட்டாமல் விட்டதன் கறை கடன் வரலாற்றில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

உரிமை மாற்றத்தையும் டீலர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் வாங்கிய கார் பெரும்பாலும் அன்றே ஒரு புரோக்கருக்குப் போகிறது, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. காகிதத்தில் மட்டும் உங்கள் பெயர் தொடர்கிறது. அபராதம் உங்கள் முகவரிக்கு வரும், விபத்து நடந்தால் முதலில் தேடி வருவதும் உங்களைத்தான். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, நேரம், அந்த நிமிடத்துக் கிலோமீட்டர், வாங்குபவரின் முழு விவரம் எழுதிய ஒப்படைப்புச் சீட்டைப் பெறுங்கள். பதிவு மாறிவிட்டதை அரசுப் பதிவேட்டில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். சுங்கக் கட்டண அட்டையைக் கழற்றுங்கள், காரின் திரையில் பதிந்திருக்கும் தொலைபேசித் தொடர்புகளையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் என்ற காப்பீட்டுக் கட்டணச் சலுகைக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்குங்கள்.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரங்கள் உங்கள் பக்கங்களிலும் வருகின்றன. உச்ச விலையைப் போடுகிறவர்கள் அது எந்த மாடல், எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் ஓடிய காருக்கு என்பதை அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சில் வருகிறவருக்குப் புதிய காரின் தள்ளுபடி உண்டா இல்லையா என்பதும், கடனை அடைப்பதாகச் சொன்னால் இடைவெளித் தொகையை யார் தருகிறார்கள் என்பதும் விளம்பரத்திலேயே இருக்கட்டும். இவற்றைச் சொல்லாத விளம்பரத்தை வாங்க மறுக்கும் உரிமை ஆசிரியருக்கும் விளம்பரப் பிரிவுக்கும் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய வாகன மதிப்பீட்டுத் துறையைச் சேர்ந்த வாசகர்