15 வருடம் ஆன மொபெட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பொள்ளாச்சிப் பக்கம் பல வருடமாக எங்கள் பட்டறைக்கு வருகிற பால்காரர் அண்ணா ஒருவர், போன மாதம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி எங்கே என்று கேட்டோம். "15 வருசம் முடிஞ்சுதுன்னா ஓட்டக் கூடாதாமே, பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்" என்றார். நல்லா ஓடிக்கொண்டிருந்த டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட் அது. பிஸ்டனும் ரிங்கும் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு முழுக்க எங்களுக்கு மனசே ஆறவில்லை. இன்னொருவருக்கு இப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்த மடலை எழுதுகிறோம்.

15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்ற உத்தரவு டெல்லிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் வந்தது. டிவியில் பார்த்துவிட்டு நமக்கும் அதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 வருடத்துக்குச் செல்லும். அப்புறம் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இது இருக்கிறது. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய டிவிஎஸ் 50-ஆக இருந்தாலும் இதே விதிதான்.

நாம் எல்லோரும் இதை "எஃப்.சி. காட்டுவது" என்கிறோம். லாரி, டாக்சிக்குத்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று; நம் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்தல். ஆனால் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். படிவம் 25-ஐப் போட்டு, பணம் கட்டி, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் (மோட்டார் வாகன ஆய்வாளர்) காட்ட வேண்டும். 

இன்ஜின் பழசு என்பதற்காக வண்டி திரும்பி வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. சின்னச் சின்ன விஷயங்களுக்குத்தான் திரும்பி வருகிறது. அதிலும் முக்கியமானது சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கிற எண். ஆர்.சி.யில் இருக்கிற எண்ணும் வண்டியில் அடித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். மழையிலும் தோட்டத்துச் சேற்றிலும் நின்ற வண்டியில் அந்த இடம் துரு ஏறிப்போயிருக்கும். இதைவிட மோசம், எஃப்.சி.க்குப் போகிறோமே என்று ஆசையாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு வருவது. ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்கு வெளியில் பெயின்ட் அடித்தவர்கள், எண் இருந்த இடத்தில் பட்டி பார்த்து வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். வண்டி புதுசு மாதிரி மின்னியது, எண்ணைத்தான் காணோம். அதைச் சுரண்டி வெளியே கொண்டுவர எங்களுக்கு அரை நாள் ஆனது. தயவுசெய்து அந்த இடத்தில் உளியோ கிரைண்டரோ வைக்காதீர்கள். எண் தேய்ந்துவிட்டால் அது வேறு வழக்காகிவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தால் போதும்.

அடுத்தது பிரேக். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து, கேபிளைத் தளர்த்தியே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு மூட்டை தேங்காயை ஏற்றிக்கொண்டு பின் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கத்தில் வருவது எவ்வளவு ஆபத்து என்று நேரில் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறோம். எஃப்.சி. இருக்கட்டும், வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்காகவாவது இதைச் சரிசெய்யுங்கள். இரண்டு பக்கமும் பிரேக் ஷூ, கேபிள் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. கோன்செட் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்) ஆடினாலும், ஸ்போக்ஸ் கம்பி உடைந்திருந்தாலும் அப்போதே பார்த்துவிடலாம். டயரில் பட்டன் (மேல் பள்ளங்களின் ஆழம்) 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி.

லைட்டைப் பற்றி ஒன்று. பேட்டரி இல்லாத பழைய வண்டிகளில் இன்ஜின் சுற்றும்போது மேக்னட் காயிலிலிருந்து வருகிற கரண்டில்தான் விளக்கு எரியும். ஆக்சிலேட்டர் குறைந்தால் வெளிச்சம் மங்குவது இயல்பு. முறுக்கிய பிறகும் மங்கலாகவே இருந்தால் பெரும்பாலும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். காயிலை மாற்றச் சொல்லிச் செலவு வைப்பதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும். ஹாரனும் கண்ணாடியும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

புகைதான் பலரைக் கவலைப்பட வைக்கிறது. நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்ததே 2015-இல்தான். அதனால் இப்போது 15 வருடம் முடிகிற எக்ஸ்எல் எல்லாமே டூ-ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றுகிற வண்டி. இந்த இன்ஜினில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகைப்போக்கி வழியாகத் தப்பிப்போவது அதன் அமைப்பிலேயே உண்டு. அதனால் விதியும் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் முறுக்காமல் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 6000 பி.பி.எம். வரை. அதற்கு முந்தைய வண்டிக்கு 4.5 சதவீதமும் 9000-மும். ஒழுங்காகப் பராமரித்த வண்டி இதற்குள் நின்றுவிடும். நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணளவில் ஊற்றுகிற ஆயில். "கொஞ்சம் அதிகமா ஊத்துனா இன்ஜினுக்கு நல்லது" என்பது தவறு. அது கரியாகி, புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் போர்ட்டையும் சைலன்சரையும் அடைக்கும். கம்பெனி சொன்ன அளவை மூடியில் அளந்து ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் கழுவி, கரியை எடுத்து, மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டிச் சூடான இன்ஜினோடு புகைச் சோதனைக்குப் போங்கள். இந்த வண்டிகளுக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி எல்லாம் சரியாக இருந்தும் பேப்பரில் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கடன் கட்டி முடித்துப் பத்து வருடம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். அல்லது வண்டி இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். கடன் முடிந்தது என்று காட்டுகிற படிவம் 35-இல் ஃபைனான்ஸில் கையெழுத்து வாங்கவும் பெயர் மாற்றவும் நாளாகும். இன்றைக்கே ஆர்.சி.யை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

கட்டணம், 2022 ஏப்ரலிலிருந்து இருசக்கர வண்டிக்கு 1,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டிக்கான பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதம் 300 ரூபாய் தாமதக் கட்டணம் என்கிறது விதி. ஒரு வருடம் விட்டுவிட்டால் வண்டியின் விலையில் பாதி அதற்கே போய்விடும். முடிகிற தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டு மாதத்தின் தொடக்கத்திலேயே வண்டியை எங்களிடம் கொண்டுவந்துவிடுங்கள்.

பார்த்துச் சொல்வதற்குப் பணம் வாங்குவதில்லை. எது கட்டாயம் மாற்ற வேண்டும், எது இன்னும் ஒரு வருடம் தாங்கும் என்று எழுதியே தருகிறோம். சேசிஸ் முறிந்து, வெல்டிங் வைத்தும் தாங்காது என்ற நிலை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட வண்டியை எடைக்குப் போடுவதுதான் சரி. ஞாயிறு விடுமுறை, மற்ற நாட்களில் காலை பால் ஊற்றிவிட்டு வருகிறவர்களுக்காக ஏழு மணிக்கே திறந்துவிடுகிறோம். வரும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மொபெட் பட்டறையினர்