பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் பெரியோர்களுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை, சென்னை, பெங்களூரு என்று வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் கடைசியாக வந்தது. முதலிடம் பிடித்த அரியலூர் 97.31. அரியலூர் ஒன்றும் பணக்கார மாவட்டம் இல்லை, அங்கேயும் கிராமங்கள்தான் அதிகம். அதனால் ‘நம்ம பக்கத்துப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்ற டீக்கடைப் பேச்சை எங்களால் ஏற்க முடியவில்லை.

நம் அரசு உயர்நிலைப் பள்ளியைத் தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டும் பேசுகிறார்கள். ஒப்பிடட்டும், ஆனால் முழுசாக ஒப்பிடட்டும். 20 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே 5 சதவீதம் குறைந்துவிடும். 100 பேர் எழுதினால் 1 சதவீதம்தான். அரசுப் பள்ளி, வருகிற யாரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததால் வேறு இடத்தில் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் இங்கே வந்துதான் தேர்வு எழுதுகிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்து பெரிய வித்தியாசம் சாயங்காலத்தில் இருக்கிறது. தனியார் பள்ளிகளில் ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைத்துப் படிக்க வைக்கிறார்கள். நம் பெண் வீட்டுக்கு வந்ததும் அம்மாவோடு பீடி முறத்தின் முன்னால் உட்காருகிறாள். பையன் கொல்லையில் இருந்து மாட்டை ஓட்டி வரப் போகிறான். அதை முடித்துப் புத்தகத்தை எடுக்கும்போது கண் சொக்குகிறது.

ஆகவே ஜூலை முதல் தேர்வு வரை, பஞ்சாயத்து சமுதாயக் கூடத்தில் தினமும் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை படிப்பகம் நடத்தப் போகிறோம். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர, பி.எட். முடித்த நம் ஊர்ப் பெண்கள் இருவர் சம்மதித்திருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். சும்மா செய்து கொடுங்கள் என்று கேட்க எங்களுக்கு மனம் இல்லை. பசியோடு படிக்கக் கூடாது என்பதால் சுண்டலும் பாலும் உண்டு, பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 ரூபாய் ஆகும். மாதம் 25 நாளுக்கு 375 ரூபாய் கொடுத்தால் ஒரு பிள்ளையின் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டதாக அர்த்தம். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் பெண் பிள்ளைகளை வீட்டில் விட ஆட்டோவும் தேவைப்படுகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் விடப்போவதில்லை. தேசிய வருவாய் வழி, திறன் படிப்புதவித் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். நாலு வருஷத்துக்கு 48,000! பீடி சுற்றும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் அதற்கும் பயிற்சி தருவோம். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு, ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வு வரை தனி வகுப்பு நடக்கும்.

பணத்தைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதாமாதம் ரேஷன் கடைப் பலகையில் ஒட்டப்படும். பணம் தர முடியாதவர்கள் பழைய வினாத்தாள், கைடு, மின்விசிறி, பெஞ்ச் எது கொடுத்தாலும் சரி. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு மாலை கூடத்துக்கு வாருங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கணக்காவது போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மாலைப் படிப்பகக் குழுவினர்