பாலிசியில் இருக்கும் வண்டியும் நீ ஓட்டும் வண்டியும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வண்டிப் படங்கள் எல்லாம் வந்தன. நன்றாக இருக்கிறது. அலாய் வீல், தாழ்த்திய சஸ்பென்ஷன், பின்னால் அந்தச் சின்ன ஸ்பாய்லர் எல்லாம் உன் ரசனைக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. அடுத்து இஞ்சினின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப்பும் செய்யப் போவதாகச் சொன்னாய். இதையெல்லாம் செய்யாதே என்று தடுக்க நான் எழுதவில்லை. நீ உழைத்து வாங்கிய வண்டி. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னாயா என்று போனில் கேட்டபோது, "அதெல்லாம் யாரும்மா சொல்றாங்க" என்று பேச்சை மாற்றிவிட்டாய். இத்தனை வருடம் கிளெய்ம் பிரிவில் கோப்புகளோடு இருந்தவள் நான். அந்தப் பதிலை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பாலிசி எடுக்கும்போது நீ கொடுத்த மாடல், வருடம், இஞ்சின் விவரங்களை வைத்துத்தான் அவர்கள் பிரீமியம் போட்டார்கள். அந்த மாடல் வண்டிகள் எந்த அளவுக்கு விபத்தில் சிக்குகின்றன, எவ்வளவு திருடு போகின்றன, அடிபட்டால் உதிரி பாகத்துக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. எல்லாமே தொழிற்சாலையில் இருந்து வந்த நிலையில் உள்ள வண்டிக்கான கணக்கு. நீ ஒரு ஸ்பிரிங்கை மாற்றியதும், பாலிசியில் எழுதியிருக்கும் வண்டி ஒன்று, ரோட்டில் ஓடும் வண்டி இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. நான் உன்னிடம் கேட்பது அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடு என்பதைத்தான்.

"வெறும் சக்கரம்தானே" என்று நீ நினைக்கலாம். சக்கரத்தையே எடுத்துக்கொள். 205/55 ஆர்16 (அகலம் மில்லிமீட்டரில், பக்க உயரம் அகலத்தின் சதவீதத்தில், ரிம் அங்குலத்தில்) டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் 634 வரும், பெரிய வித்தியாசம் இல்லை. அதே 17 அங்குல ரிம்மில் 225/55 டயரைப் போட்டால் 679 ஆகிவிடும். ஏழரை சதவீதம் கூடுதல். முன்பு சரியாகக் காட்டிக்கொண்டிருந்த ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-க்கு மேல் ஓடும். சஸ்பென்ஷனும் அப்படித்தான். முன்புறமும் பின்புறமும் ஒரே அளவில் இறங்காவிட்டால் ஹெட்லைட் பாயும் கோணம் மாறும். தானாக பிரேக் பிடிக்கும் வசதி இருக்கிற வண்டியில், கேமராவும் ரேடாரும் பழைய உயரத்துக்கு அமைக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். வேலை செய்த இடத்தில் இதைச் செய்தார்களா என்று கேட்டாயா?

ரீமேப் விஷயத்தில் கம்பெனிகள் இன்னும் கண்டிப்பாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் இஞ்சினின் சக்தி கூடிவிடும். பிரேக் மட்டும் பழைய பிரேக். அதனால்தான் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பார்கள். வேண்டும்போது பழைய மென்பொருளையே ஏற்றிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதே. எத்தனை முறை மென்பொருள் ஏற்றப்பட்டது என்பது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிகளான இ.சி.யூ.க்கள் பலவற்றில் பதிவாகியிருக்கும். பெரிய விபத்து என்றால் அதைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஆளைத்தான் அனுப்புவார்கள்.

இன்னொன்று. நீ இந்த வண்டியை வாங்கும்போது அது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி. அவர் என்ன மாற்றினாரோ அதுவும் இப்போது உன் பொறுப்பு. அந்தச் சைலன்சர் சத்தம் எனக்கு வீடியோவிலேயே வித்தியாசமாகப் பட்டது. நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் விட்டு, கம்பெனி கொடுத்ததில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துவிடு. டீலர் பொருத்திக் கொடுத்த ஆக்சசரியைக்கூடப் பல கம்பெனிகள் மாற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நிறம் மாற்றும் ராப், கண்ணாடி ஃபிலிம், பின்னால் இன்னொரு வண்டியை இழுக்க மாட்டும் டவ் பார், கேஸ் கிட் எல்லாம் இதில் சேரும். எது சேரும், எது சேராது என்று நீயாக முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடு. பல மாற்றங்களுக்கு பிரீமியம் ஏறாமலும் போகலாம். திருட்டைத் தடுக்கும் கருவியாக இருந்தால் சில இடங்களில் குறையவும் செய்யும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உன் வயதுப் பையன் ஒருவனுடைய கோப்பு ஒருமுறை என் மேசைக்கு வந்தது. மழையில் வண்டி சறுக்கித் தடுப்பில் மோதியிருந்தது. சேதத்தை மதிப்பிடப் போன சர்வேயர் எடுத்த படங்களில் வேறு ஸ்பிரிங், வேறு டர்போ. படிவத்தில் "மாற்றம் எதுவும் இல்லை" என்று இருந்தது. பாலிசி செல்லாது என்று முடிவாயிற்று. வண்டிக் கடனின் தவணை மட்டும் பாக்கி இருந்தது. அவனுடைய அப்பா வந்து என் எதிரே உட்கார்ந்து, வேண்டுமென்றே மறைக்கவில்லை, கேட்டது புரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் அந்த முடிவை மாற்ற என்னால் ஆகவில்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு கடுமையாக இருக்காது. பிரிட்டனில் 2012-ஆம் ஆண்டு வந்த சட்டம், வேண்டுமென்றே மறைத்ததையும் கவனக்குறைவால் விட்டதையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கவனக்குறைவு என்றால், கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டியவருக்குக் கிளெய்மிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் மீதி உன் கையிலிருந்துதானே போக வேண்டும்?

அதைவிட என்னை உறுத்துவது வேறு. உன் வண்டி மோதி ஒருவர் அடிபட்டால்? பல நாடுகளில் கம்பெனி அவருக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை உன்னிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒருவர் ஆயுள் முழுக்க எழுந்து நடக்க முடியாமல் போனால் அந்தத் தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரர் அடைக்கக்கூடிய கடன் இல்லை அது. சட்டம் அப்படி இல்லாத இடத்தில் இன்னும் மோசம், அடிபட்டவர் காசுக்காக உன் பின்னாலேயே அலைய வேண்டும். ஒன்றும் அறியாத ஒரு மனுஷருக்கு அந்தக் கதி வரக் கூடாது.

மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது கம்பெனிக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக நேற்றுக் கண்டுபிடித்த விதி என்று நினைக்காதே. 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு என்ற நீதிபதி தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் இருந்து வருகிறது. சுமத்ராவில் ஒரு கோட்டையை எதிரிகள் பிடித்துவிட்டால் என்று அதன் கவர்னர் கார்ட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தும்விட்டார்கள். விவரத்தை மறைத்துவிட்டார் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கொடுத்தவர் பணம் தர மறுக்க, வழக்கு வந்தது. முக்கியமான விவரம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் எடுப்பவருக்கு மட்டுமே தெரியும், மற்றவர் அவர் சொல்லை நம்பித்தான் ஒப்புக்கொள்கிறார், ஆகவே மறைக்கக் கூடாது என்றார் நீதிபதி. நேர்மை இரண்டு தரப்புக்கும் பொது என்றும் சொன்னார். அந்த வழக்கில் ஜெயித்தது கார்ட்டர்தான். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் அதே விதி உன் பக்கம் நிற்கும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரீமேப்புக்குக் கொடுத்திருக்கும் தேதியைத் தள்ளிப் போடு. செய்த பிறகு சொன்னால், ஏற்க மாட்டோம் என்று அவர்கள் கைவிரித்தால் உன் வண்டி காப்பீடு இல்லாமல் நிற்கும். முன்கூட்டியே கேட்டால் உனக்கு வேறு வழி இருக்கும். மாற்றம் செய்த வண்டிகளுக்கென்றே பாலிசி கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. இப்போதைய கம்பெனி தானாகவே உன் பாலிசியை ரத்து செய்யும்படி மட்டும் விட்டுவிடாதே. "உங்கள் பாலிசியை எந்தக் கம்பெனியாவது ரத்து செய்திருக்கிறதா" என்ற கேள்வி பிறகு வரும் படிவங்களில் எல்லாம் இருக்கும்.

ஏற்கெனவே செய்த மாற்றங்களை இந்த வாரமே சொல்லிவிடு. போனில் பேசினாலும் ஈமெயிலிலும் எழுது. பில், படம் இரண்டையும் சேர்த்து அனுப்பு. அலாய் வீலின் மதிப்பையும் குறிப்பிடச் சொல்லிக் கேள். இல்லாவிட்டால், திருடு போகும் அன்றைக்குச் சாதா சக்கரத்துக்கான தொகைதான் கிடைக்கலாம். போனில் பேசுபவர் "குறித்துக்கொண்டோம்" என்று சொன்னதோடு விடாதே. மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்ததாகச் சொல்லும் எண்டார்ஸ்மென்ட் எழுத்தில் கைக்கு வர வேண்டும். ரெனியூவல் சமயத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறதா என்றும் பார். கம்பெனி மாறினால் முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

பிரீமியம் ஏறி, இந்த மாதம் கையைக் கடித்தால் என்னிடம் சொல், நான் அனுப்புகிறேன். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டு, ரீமேப்புக்கு எப்போது போகலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா