பாட்டு போன வழியில் பேச்சும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சாரக் கார்களில் ஏஎம் ரேடியோவை (நம் ஊரில் மத்திய அலை என்போமே, அதை) எடுத்துவிடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவில் செய்தி நிலையங்களும் பேச்சு நிலையங்களும் எஃப்எம்முக்கு மாறுவதற்கு ஏஎம்மின் மோசமான ஒலித்தரமே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது அந்தக் கட்டுரை. முப்பது வருடங்களுக்கும் மேலாக நியூ ஜெர்சியில் காரோட்டியபடி இந்த நிலையங்களைக் கேட்டுவருகிற எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒலித்தரத்துக்காக ஏஎம்மை விட்டுப் போனது பாட்டு. 1961இல் எஃப்எம்மில் ஸ்டீரியோவுக்கு அனுமதி கிடைத்தபின் இசை மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. பாட்டுக்கென்றே பேர்போன நியூயார்க்கின் 770 டபிள்யூஏபிசி ஏஎம் நிலையம், 1982 மே 10 அன்று பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சுக்கு மாறியது. காலியான வீட்டுக்குப் பேச்சு குடிவந்தது. மனிதக் குரலுக்கு ஏஎம் தாராளமாகப் போதும். 1987இல், சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம் கைவிட்டது. மறுவருடமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடு முழுக்கக் கேட்கத் தொடங்கியது. அவர் அரசியலில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனாலும் ஏஎம் நிலையங்களைத் தூக்கி நிறுத்தியவை அந்த மாதிரி நிகழ்ச்சிகள்தான்.

அப்படியானால் இப்போது பேச்சும் ஏஎம்மை விட்டு ஏன் கிளம்புகிறது? ஏஎம் மாறவில்லை, நம் வீடுகள்தான் மாறிவிட்டன. ஏஎம்மில் ஒலி, அலையின் வீச்சில், அதாவது அதன் உயரத்தில், ஏறி வருகிறது. மின்சாதனங்கள் கிளப்பும் இரைச்சலும் அதே வீச்சில்தான் வந்து ஒட்டுகிறது. ரேடியோவால் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை. எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வர்ட்டர் எல்லாமே சின்னச் சின்ன இரைச்சல் நிலையங்கள். சமையலறையில் விளக்கைப் போட்டால் என் ரேடியோ கரகரக்கிறது, அணைத்தால் தெளிகிறது. மின்சாரக் காரில் கேட்கவே வேண்டாம், மோட்டாரை ஓட்டும் மின்னணுச் சாதனமே பக்கத்தில் இருக்கிறது. தகுந்த கவசமும் வடிகட்டியும் வைத்தால் இதை அடக்கலாம். அதற்குச் செலவாகும் என்பதுதான் சிக்கல்.

அப்புறம், எஃப்எம்மில் இடம் காலியானது. பாட்டுக் கேட்கும் இளைஞர்கள் போனுக்குப் போய்விட்டார்கள். ஏஎம்மில் மிஞ்சியவர்களோ என்னைப் போல வயதானவர்கள். விளம்பரதாரர்களுக்கு வேண்டியது 25 முதல் 54 வயதுக்காரர்கள். வாஷிங்டனின் செய்தி நிலையமான டபிள்யூடிஓபி 2006 ஜனவரியில் 1500 ஏஎம்மிலிருந்து 103.5 எஃப்எம்முக்கு மாறி, பிறகு நாட்டிலேயே அதிக வருமானம் பார்க்கும் நிலையங்களில் ஒன்றானது. அதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் பக்கத்துச் செய்தி நிலையமான 1010 வின்ஸ், 2022 அக்டோபரில் அதுவரை ராக் பாட்டு ஒலித்த 92.3 எஃப்எம்மிலும் வர ஆரம்பித்தது.

உங்கள் கட்டுரை தொடாத இன்னொரு காரணம் நிலம். ஏஎம் நிலையத்துக்குக் கோபுரமே ஆன்டெனா. அதைச் சுற்றி மண்ணுக்கடியில் செம்புக் கம்பிகளை நாலாபக்கமும் பரப்ப வேண்டும், பல நிலையங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோபுரங்களும் வேண்டும். வாஷிங்டன் அருகே பெதஸ்டாவில் டபிள்யூமால் நிலையத்தின் கோபுரங்கள் நின்ற 75 ஏக்கரையும் வீடு கட்ட விற்றுவிட்டார்கள். 2020இல் கோபுரங்களைச் சாய்த்தார்கள். எஃப்எம்முக்கு எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும்.

சரி, மாறினால் என்ன போயிற்று? தூரம் போயிற்று. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது, மலையும் தொடுவானமும் அதை மறித்துவிடும். ஏஎம் அலை தரையைத் தழுவிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்தபின் மேல்வானத்து அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். கோவில்பட்டியில் வளர்ந்த எனக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடல் தாண்டி மத்திய அலையில் வந்த இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. புயல் தாக்கிய பகுதிகளில் செல்போன் கோபுரங்களில் சுமார் கால்வாசி செயலிழந்திருந்தன. பேட்டரி ரேடியோவில் 880 ஏஎம் நிலையத்தை வைத்துக்கொண்டு, எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எங்கே பெட்ரோல் கிடைக்கிறது என்று கேட்டோம். பக்கத்து வீட்டுக் குடும்பமும் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்திருந்தது. 1967 முதல் செய்திக்கென்றே இருந்த அந்த 880 டபிள்யூசிபிஎஸ், 2024 ஆகஸ்டில் செய்தியை நிறுத்திவிட்டது. இப்போது அந்த இடத்தில் விளையாட்டுப் பேச்சு ஓடுகிறது.

பேச்சு எஃப்எம்முக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை. மக்கள் இருக்கும் இடத்துக்குத்தான் நிலையம் போக வேண்டும். வின்ஸ் செய்வதுபோல ஏஎம்மையும் அணைக்காமல் இரண்டிலும் ஒலிபரப்பட்டும் என்கிறேன். பேரிடரின்போது அரசு எச்சரிக்கையை முதலில் வாங்கி மக்களுக்குச் சேர்க்கவென்று நாடு முழுக்க 77 நிலையங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை ஏஎம். அவை ஒலிபரப்பினாலும் காரில் கேட்கக் கருவி இல்லையென்றால் என்ன பயன்? எல்லாப் புதுக் கார்களிலும் ஏஎம் இருந்தாக வேண்டும் என்ற மசோதா 2023இல் இரு கட்சிகளின் ஆதரவோடும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வந்தது. 2024 மாடல்களில் ஏஎம்மை எடுக்கவிருந்த ஃபோர்டு நிறுவனமும் அந்த மே மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. உங்கள் கட்டுரையில் இவை இரண்டும் இடம்பெறவில்லை. அடுத்த இதழில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். புதுக் கார் வாங்கப்போகும் வாசகர்கள், விலை பேசும் முன் டேஷ்போர்டில் ஏஎம் பொத்தான் இருக்கிறதா என்றாவது பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி