மரத்தரையை இழைக்காமல் புதுப்பிப்பது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மரத்தரை மங்கிப்போய்விட்டது, மெஷின் போட்டு இழைத்துத்தான் ஆகவேண்டுமா என்று உங்களில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட விவரமாக ஒரே மடலில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தரை மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் இழைக்கவேண்டாம். பல வீடுகளில் தேய்ந்திருப்பது மேலே இருக்கும் பூச்சுதான், அடியில் மரம் நன்றாகவே இருக்கும். அப்படியிருந்தால் பழைய பூச்சைச் சுத்தம் செய்து, அதன்மேல் புதுப்பூச்சு ஒன்றோ இரண்டோ கொடுத்தாலே போதும், நீங்களே செய்துவிடலாம்.

இழைப்பதை நாங்கள் ஏன் கடைசி வழியாக வைத்திருக்கிறோம் என்றால், ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் மரம் குறைகிறது. முழுமரப் பலகை பொதுவாக 18, 19 மில்லிமீட்டர் கனம் இருந்தாலும், பலகைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் இடத்துக்கு மேலே இருக்கிற மரம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான், அதற்குள்தான் இழைக்க முடியும். அடியில் ஒட்டுப்பலகை வைத்து மேலே மட்டும் நல்ல மரத்தாள் ஒட்டிய தரையென்றால் அந்தத் தாள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகக்கூட இருக்கும், அதில் மெஷின் வைத்தால் அடிப்பலகை தெரிந்துவிடும், அப்புறம் அதற்கு மருந்தே இல்லை. போதாததற்கு வீடு முழுக்கத் தூசி.

சரி, உங்கள் தரை எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதிகம் நடமாடும் இடத்தில், வாசற்கதவுப் பக்கமோ சோபாவுக்கு முன்னாலோ, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடம் ஆகியும் சொட்டு முத்தாக அப்படியே நின்றால் பூச்சு உயிரோடிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி மரம் லேசாகக் கறுத்தால் பூச்சு மெலிந்துவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். விட்ட உடனே உறிஞ்சிக்கொண்டால் அந்த இடத்தில் பூச்சே இல்லை. மரம் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய் வந்திருக்கிறது, அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் சாம்பல் நிறம் சாம்பலாகவே தெரியும்.

அடுத்த கேள்வி, மேலே இருப்பது என்ன பூச்சு? இதைத் தெரிந்துகொள்ளாமல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வெள்ளைத்துணியில் கொஞ்சம் டர்பன்டைன் நனைத்து, ஒதுக்குப்புறமான ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் மஞ்சளோ பழுப்போ பிசுக்காக வந்தால் அது மெழுகு. வேறொரு மூலையில் ஸ்பிரிட் (ஆல்கஹால் வகை) தொட்டு வைத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று இளகினால் அரக்குப் பாலிஷ். இரண்டுக்கும் மசியாமல் மேலே ஒரு தோல்போல நின்றால் பெரும்பாலும் பாலியூரித்தேன், வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான். தோலே இல்லாமல் மரத்தின் வரி விரலில் நேராகத் தட்டுப்பட்டால் எண்ணெய் ஊட்டிய தரை.

எண்ணெய்த் தரை வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அதே வகை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து, 15, 20 நிமிடத்தில் மரம் குடிக்காமல் மேலே நிற்கும் எண்ணெயைச் சுத்தமாக ஒற்றி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அது மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். இதில் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள், நாங்கள் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை: எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காய்கின்றன, அப்போது சூடு பிறக்கிறது, சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். தண்ணீரில் நனைத்து, வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்ட பிறகே எறியுங்கள்.

மற்றவர்களுக்கு, அதாவது பாலியூரித்தேன் தரை உள்ளவர்களுக்கு, வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். புதுப்பூச்சு உரிந்து வருகிறது என்று வரும் புகார்களைக் கேட்டுப் பார்த்தால், கடைசியில் பழைய தரையில் இருந்த ஏதோ ஒன்றில்தான் வந்து நிற்கும். சிலிக்கான் கலந்த ஃபர்னிச்சர் பாலிஷ், எண்ணெய்ச் சோப்பு, கடையில் வாங்கி மேலே ஊற்றித் துடைக்கும் ‘பளபளப்பு’ திரவங்கள், இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகுவதுபோலப் புதுப்பூச்சு அந்த இடத்தை விட்டு விலகிச் சின்னச் சின்னப் பள்ளமாக நிற்கும். அதனால் முதலில் பெருக்கி, வேக்குவம் கிளீனரால் தூசியை உறிஞ்சி எடுத்து, மரத்தரைக்கென்று விற்கும் கிளீனரால் இரண்டு முறையாவது துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். மாப்பை ஒட்டப் பிழிந்துவிட வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. ஸ்டீம் மாப் வேண்டவே வேண்டாம், பலகை இடுக்குகளில் நீராவியை உள்ளே தள்ளிவிடும். மெழுகு இருந்தால் வேறு வழியில்லை, முழுவதும் கரைத்து எடுத்தாகவேண்டும். அது இண்டு இடுக்கெல்லாம் இறங்கியிருக்கும் என்பதால், பல வருடமாக மெழுகு போட்ட தரைக்கு மெழுகையே தொடர்ந்து போடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

சுத்தமான பிறகு பழைய பூச்சின் வழவழப்பை எடுக்க வேண்டும். முழுதாகக் காய்ந்து இறுகிய பாலியூரித்தேனோடு புதுப்பூச்சு தானாகக் கலந்து ஒன்றாகாது, அது பிடித்துக்கொள்ள நுண்ணிய கீறல்கள் வேண்டும். இழைக்காமல் என்று சொல்லிவிட்டுத் தேய்க்கச் சொல்கிறார்களே என்று நினைக்காதீர்கள். இங்கே மரத்தை நாம் தொடுவதே இல்லை, மேல்பூச்சின் பளபளப்பு மட்டும் போகிறது. கையால் பிடித்து நைலான் தேய்ப்புப் பேடாலோ 220 நம்பர் உப்புத்தாளாலோ மர வரியை ஒட்டியே லேசாகத் தேய்த்தால் போதும், தரை ஒரே சீராக மங்கிவிடும். இரும்புக் கம்பளி பயன்படுத்தாதீர்கள், அதன் துணுக்குகள் மாட்டிக்கொண்டு, நீர்வகைப் பூச்சு பட்டதும் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தேய்க்கவே முடியாதவர்களுக்குப் பளபளப்பு நீக்கும் திரவங்கள் உண்டு. அவற்றில் டப்பாமேல் போட்டிருக்கும் நேரத்துக்குள் அடுத்த கோட் போயாகவேண்டும், பாதி வீட்டை நாளைக்கு என்று வைத்துக்கொள்ள முடியாது. எங்களைக் கேட்டால் கையால் தேய்ப்பதே நம்பிக்கையானது.

தொழிற்சாலையிலேயே பூச்சு ஏற்றி வந்த பலகைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளக்கோடு தெரிந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றில் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும், உப்புத்தாளிலேயே தேய்ப்புப் பொருளாக இருப்பதும் அதுதான், அதனால் லேசில் கீறல் விழாது. இந்தத் தரைகளில் சோதனை செய்யாமல் இறங்காதீர்கள். மற்ற தரைகளிலும் சோதனை நல்லதே. ஓரமாக ஒரு சிறு சதுரத்தைச் சுத்தம் செய்து, தேய்த்து, ஒரு கோட் அடித்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, நாணயத்தின் விளிம்பால் அழுத்திச் சுரண்டுங்கள். செதில் செதிலாகப் பெயர்ந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், கோடு மட்டும் விழுந்தால் தைரியமாகத் தொடங்கலாம்.

பூசும்போது டப்பாவைக் குலுக்காமல் அடிவரைக்கும் நிதானமாகக் கிளறுங்கள், குலுக்கினால் வரும் காற்றுக்குமிழ்கள் தரையிலேயே உறைந்துவிடும். நீர்வகைப் பூச்சு 2 முதல் 4 மணி நேரத்தில் அடுத்த கோட்டுக்குத் தயாராகும், வாடை குறைவு, நிறமும் மாறாது. எண்ணெய்வகைப் பாலியூரித்தேன் ஒருநாள்வரை எடுக்கும், வாடை அதிகம், போகப்போகத் தேன் நிறம் ஏறும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். எதுவானாலும் கதவுக்கு எதிர்ச்சுவரிலிருந்து தொடங்கி, பலகை நீளவாட்டிலேயே இழுத்து, முந்தைய வரிசையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த வரிசையைச் சேர்த்துக்கொண்டே வாசல் பக்கம் வந்துவிடுங்கள். பாதி காய்ந்த இடத்தில் ஏதோ விட்டுப்போனது மாதிரி தெரிந்தால் கை வைக்காதீர்கள், அடுத்த கோட்டில் சரியாகிவிடும், திரும்பத் தடவினால்தான் வடு விழும். ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டருக்கு ஒரு கோட் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆனால் மின்விசிறியை நேரே தரைமேல் திருப்பாதீர்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் காய நேரம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. ஒருநாள் கழித்துச் சாக்ஸோடு நடக்கலாம். மேசை நாற்காலியை இரண்டு மூன்று நாள் கழித்துத் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள். கம்பளத்துக்கு நீர்வகையென்றால் ஒரு வாரமாவது, எண்ணெய்வகையென்றால் ஒரு மாதம்வரை காத்திருக்க வேண்டும், முன்கூட்டி விரித்தால் அதன் அச்சு தரையில் பதிந்துவிடும்.

இந்த முறையால் ஆகாதவையும் இருக்கின்றன. மரம்வரைக்கும் இறங்கிய ஆழமான கீறல் புதுப்பூச்சுக்கு அடியிலும் தெரியும், வேண்டுமானால் நிறம் பார்த்து மக்கு (கீறலை நிரப்பும் பசை) வைத்து மறைக்கலாம். ஓக் போன்ற மரங்களில் தண்ணீரும் இரும்பும் சேர்ந்த இடத்தில் வரும் கறுப்புக் கறை மரத்திலேயே இருக்கும் டானின் என்ற இயற்கைப் பொருளால் ஆவது. அதை ஆக்ஸாலிக் அமிலம் வெளுக்கும், ஆனால் அந்த இடத்தில் பூச்சை முழுதாக எடுத்தால்தான் வேலை செய்யும். அமிலமோ விஷம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் இருக்கும் வீட்டில் அதை எங்களிடம் விட்டுவிடுவதே மேல். நாய் பூனை சிறுநீர்க் கறை ஆழமாக இறங்கியிருந்தால் பலகையை மாற்றுவதுதான் வழி. பலகைகள் ஓரம் தூக்கிக் குழிந்திருந்தால் பூச்சைப் பற்றி யோசிக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். நிறத்தை மாற்ற ஆசைப்படுபவர்களும் இழைத்துத்தான் ஆகவேண்டும்.

எந்த வகையில் சேரும் என்று தெரியாவிட்டால், தண்ணீர்ச்சொட்டு விட்ட இடத்தையும் நாணயத்தால் சுரண்டிய இடத்தையும் பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்த்துப் படமெடுத்து அனுப்புங்கள், நேர்மேலிருந்து எடுத்தால் தேய்மானம் தெரியாது. கடைசியாகத் தரைமேல் என்ன பாலிஷ் போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பார்த்துவிட்டு, நீங்களே செய்யலாமா, நாங்கள் வரவேண்டுமா, இப்போதைக்கு ஒன்றுமே செய்யவேண்டாமா என்று சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மரத்தரைப் பராமரிப்பாளர்கள்