பேருதான் நாசகாரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடவில்லை என்று திட்டாதே. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேள். கேட்க மாட்டாய், கல்யாணப் பந்தியில் இலையைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவாய், தெரியும். தோட்டத்துப் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று எழுதியிருந்தாயே, இன்னும் ஆழம் போட்டால் சரியாகிவிடும் என்று எவனாவது சொன்னால் நம்பிப் பணத்தைக் கொட்டாதே.

நான் நன்றாக இருக்கிறேன். கப்பல் பட்டறை வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது, இன்னும் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் பூங்கா வரை நடந்து போய், எதிர்க்கரையில் ஜோகூரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பும் வழியில் காப்பிக் கடையில் ஒரு கோப்பி ஓ. அவ்வளவுதான் நம் பிழைப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரனைப் பள்ளியில் 1941ஆம் வருடத்துப் போரைப் பற்றி ஏதாவது எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பெரிய போர்க்கப்பலை எடுத்துக்கொண்டான், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் எடுக்கும். அவனுக்கு உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்த நான் கூட வந்த ஒரு சின்னக் கப்பலில் மாட்டிக்கொண்டேன்.

உன் தாத்தா கதை ஞாபகம் இருக்கிறதா? டார்மெட்ரியில் ஒரே அறையில் கிடந்த காலத்தில் கரண்ட் போனால் எடுத்துவிடுவாய். வெள்ளைக்காரன் காலத்தில் இதே செம்பவாங் கடற்படைத் தளத்தில் அவர் கூலியாக இருந்தபோது ஒரு ராத்திரி சின்னக் கப்பல்கள் வந்து கட்டின, அதிலிருந்து வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தார் பூசினது போல் கறுப்பாக இறங்கினார்கள், தாத்தா பேய் என்று நினைத்து ஓடப் பார்த்தார் என்று. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், கிழவர் கள் போட்டுவிட்டுப் பார்த்திருப்பார் என்று நான்கூடச் சொன்னேன். மாப்பிள்ளை, அது உண்மை. 1941 டிசம்பர் 10, நள்ளிரவை ஒட்டி. அவர்கள் மேல் இருந்தது கப்பலின் எண்ணெய். ஃபர்னஸ் ஆயில் உடம்பில் பட்டால் எப்படி ஒட்டும் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? அப்படி வந்து கட்டிய கப்பல்களில் ஒன்றுதான் எலெக்ட்ரா.

எலெக்ட்ரா ஒரு நாசகாரிக் கப்பல், இங்கிலீஷில் டெஸ்ட்ராயர் என்பார்கள், பெரிய கப்பல்களுக்குக் காவலாகப் போகிற வேகமான சின்னப் போர்க்கப்பல். இங்கிலாந்தில் டைன் நதிக்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊரில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டி 1934இல் தண்ணீரில் இறக்கினார்கள். எடை 1,400 டன் சொச்சம், நீளம் 329 அடி, நாலு பீரங்கி, எட்டு டார்பிடோ குழாய். வேகம் மட்டும் 35 நாட், அதற்காகவே கட்டிய சாமான். நாம் வேலை பார்த்த டேங்கர்களின் பிளேட்டுக்கு முன்னால் அது தகர டப்பா.

பேருதான் நாசகாரி. சரித்திரத்தைப் படித்துக்கொண்டே வந்தால் அது செய்ததில் பாதி ஆள் பொறுக்குகிற வேலை. போர் அறிவித்த அன்றே, 1939 செப்டம்பர் 3 சாயங்காலம், அத்தீனியா என்ற பயணிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி யு-30 டார்பிடோ போட்டுவிட்டது. கனடாவுக்குப் போகிற கப்பல், பெண்களும் குழந்தைகளும் நிறைய. போர்க்கப்பல் என்று நினைத்துவிட்டானாம் நீர்மூழ்கித் தலைவன். ஜெர்மனியோ போர் முடியும்வரை நாங்கள் இல்லவே இல்லை என்று சாதித்தது. அங்கே ஓடிய கப்பல்களில் எலெக்ட்ராவும் ஒன்று. அத்தீனியாவில் இருந்தவர்கள் 1,418 பேர். நூற்றுக்கும் மேல் செத்தார்கள், மற்றவர்களை எலெக்ட்ராவும் வேறு சில கப்பல்களும் சேர்ந்து ஏற்றிக்கொண்டன.

அந்த 1,418ஐ மறந்துவிடாதே.

அடுத்த வருடம் நார்வேப் போர், அங்கே பனிமூட்டத்தில் சொந்தக் கூட்டாளி ஆன்டிலோப் கப்பலோடேயே மோதி மூக்கு உடைந்து பல நாள் பட்டறையில் கிடந்தது, அதை விடு. 1941 மே 24. பிரிட்டனின் பெருமையே ஹுட் என்ற கப்பல்தான் அப்போது. டென்மார்க் ஜலசந்தியில் ஜெர்மானியரின் பிஸ்மார்க் சுட்ட குண்டு வெடிமருந்து அறையைப் பிடித்தது, மூன்றே நிமிடத்தில் ஹுட் இல்லை. எலெக்ட்ராவும் மற்ற நாசகாரிகளும் முந்தின ராத்திரியே வடக்கே தேடப் போயிருந்ததால் தூரத்தில் இருந்தன. செய்தி கேட்டுத் திரும்பி, அந்தக் குளிர்க்கடலில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர இரண்டு மணி நேரம். வரும்போதே எல்லா ஏற்பாடும் நடக்கிறது. போர்வைகளை எடுத்து அடுக்குகிறார்கள், சூடாகக் குடிக்கத் தயார் செய்கிறார்கள், டாக்டர் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டார், கப்பல் பக்கவாட்டில் வலையைத் தொங்கவிட்டு, பிடித்துத் தூக்க ஆள் வரிசையாக நிற்கிறான். நூற்றுக்கணக்கில் வருவார்கள் என்ற கணக்கு. போய்ப் பார்த்தால் எண்ணெய், கொஞ்சம் மரத்துண்டு, சின்னச் சின்ன மிதவைப் பலகையில் மூன்று பேர். பிரிக்ஸ், டில்பர்ன், டண்டாஸ். கை விறைத்துப்போய் ஒருத்தர் பலகையை ஒருத்தர் பிடிக்கக்கூட முடியாமல் கிடந்தவர்கள், தூங்கினால் செத்துப்போவோம் என்று டண்டாஸ் பாட்டுப் பாடி மற்ற இரண்டு பேரையும் விழிக்க வைத்துக்கொண்டிருந்தாராம். இன்னும் இருப்பார்கள் என்று எலெக்ட்ரா சுற்றிச் சுற்றித் தேடியது. வேறு யாருமே இல்லை.

ஹுட்டில் இருந்தவர்களும் 1,418 பேர்! நான் இரண்டு தடவை சரிபார்த்தேன், பேரனும் கூட்டிப் பார்த்தான். முதல் கப்பலில் அத்தனை பேரில் பெரும்பாலும் பிழைத்தார்கள், இரண்டாவதில் மூன்று பேர். எண்ணிலெல்லாம் அர்த்தம் தேடுகிறவன் இல்லை நான், ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எடுத்து அடுக்கின அந்தப் போர்வைகளைத் திரும்ப மடித்து வைத்தவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்லையா, அவனையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அப்புறம் அதே வருடம் ஆகஸ்டில் ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்குப் போன முதல் சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவல் போனது. பனிக்கடலிலிருந்து திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் கடைசியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸோடு கிழக்கே புறப்படு என்று உத்தரவு. கேப்டவுன், கொழும்பு என்று வந்து டிசம்பர் 2ஆம் தேதி நம் செம்பவாங்கில் நுழைந்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்று இரண்டு பெரிய கப்பல், நாலு நாசகாரி. உன் தாத்தாவும் ரெண்டு பெரிசு, நாலு சிறிசு என்றுதானே சொல்வாராம்? கிழவர் எண்ணிக்கையில்கூடத் தப்பு விடவில்லை.

எட்டாம் தேதி சாயங்காலம் புறப்பட்டன, மேலே காவலுக்கு ஒரு விமானம் இல்லாமல். பத்தாம் தேதி மலாயாவின் குவாந்தான் பக்கத்தில் ஜப்பான் விமானங்கள் வந்து பன்னிரண்டரைக்கு ரிப்பல்ஸையும், அடுத்த முக்கால் மணி நேரத்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் முடித்துவிட்டன. 840 பேர் போனார்கள். ஆள் எடுத்துக்கொண்டிருந்த சின்னக் கப்பல்களை ஜப்பான்காரன் தொடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரா மட்டும் ரிப்பல்ஸ் ஆட்கள் 571 பேரை ஏற்றிக்கொண்டது. நூற்றுச் சொச்சம் பேருக்குக் கட்டின கப்பலில் 571 பேர்! மேல்தளத்தில் எடை ஏறினால் கப்பல் எப்படி ஆடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயும் வாந்தியும் வழுக்கும் தளத்தில் ஒருத்தன் மேல் ஒருத்தனாக உட்கார்ந்து அந்த ராத்திரி வந்து இறங்கியவர்களைத்தான் உன் தாத்தா பேய் என்று நினைத்தார்.

அதற்கப்புறம் மூன்று மாதம்கூட இல்லை. சிங்கப்பூர் விழுந்தது. எலெக்ட்ரா ஜாவாத் தீவின் சுராபாயாவுக்குப் போய், டச்சுத் தளபதி டோர்மனின் கீழ் நாலு நாட்டுக் கப்பல்கள் சேர்ந்த கூட்டத்தில் நின்றது. ஒரு நாட்டுக் கொடிச் சைகை இன்னொரு நாட்டுக்காரனுக்குப் புரியாது, அப்படி ஒரு கூட்டம். பிப்ரவரி 27, ஜாவாக் கடலில் ஜப்பான் கப்பல்களோடு சண்டை. எக்ஸீட்டர் என்ற பெரிய பிரிட்டிஷ் கப்பலுக்குக் கொதிகலன் அறையில் அடி, வேகம் செத்துவிட்டது, பின்னால் வந்தவை எல்லாம் தாறுமாறாகத் திரும்பின. எக்ஸீட்டர் தப்பிப் போக நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். மூன்று பிரிட்டிஷ் நாசகாரிகளை எதிரியை நோக்கிப் பாயச் சொன்னார் டோர்மன். ஒன்றுக்கொன்று தூரத்தில் நின்றதால் சேர்ந்து போக நேரமில்லை, எலெக்ட்ரா தனியாகப் புகைத்திரைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தபோது எதிரே ஜின்ட்ஸு என்ற ஜப்பான் குரூசரும் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்) நாசகாரிகளும். அசகுமோ என்ற நாசகாரியை அடித்து நிறுத்திவிட்டது, அதற்குள் இதன் கொதிகலன் அறையிலும் குண்டு. நீராவி இல்லை, கப்பல் அப்படியே நின்றுபோனது. நின்ற கப்பலில் ஒவ்வொரு பீரங்கியாக ஊமையாகும் வரை சுட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மூழ்கியது, கேப்டன் மே அதோடேயே போனார். எக்ஸீட்டர் அன்றைக்குத் தப்பியது, இரண்டு நாள் கழித்து அதுவும் போனது வேறு விஷயம்.

இத்தனை பேரைத் தூக்கின கப்பலின் ஆட்களைத் தூக்க அன்று பக்கத்தில் ஒரு கப்பலும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு மேல் எஸ்-38 என்ற அமெரிக்க நீர்மூழ்கி வந்து ஏற்றியது, 173 பேரில் 54 பேர்.

எலெக்ட்ராவோடு பாயச் சொன்ன மூன்று பிரிட்டிஷ் நாசகாரிகளில் ஒன்றான என்கவுன்ட்டர் மார்ச் 1ஆம் தேதி எக்ஸீட்டரோடு மூழ்கியது. மறுநாள் தண்ணீரில் கிடந்தவர்களை ஜப்பான் நாசகாரி இகாசுச்சியின் கேப்டன் குடோ பார்த்து, கப்பலை நிறுத்தி, தன் ஆட்களைப் போல இரண்டு மடங்கு, 442 பேரை ஏற்றினார். நீர்மூழ்கி வரலாம் என்ற பயம் இருக்கிற கடலில் கப்பலை நிறுத்துவது சின்னக் காரியமா? அதில் பிழைத்த சாம் ஃபால் என்பவர் பின்னாளில் இதே சிங்கப்பூருக்கு பிரிட்டிஷ் ஹைகமிஷனராக வந்தார்.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்ற வைத்தது. 2003இல் முக்குளிப்பவர்கள் எலெக்ட்ராவைக் கண்டுபிடித்தார்கள். 2016இல் போய்ப் பார்த்தால் பெரும்பகுதியை எவனோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். என்கவுன்ட்டரும் எக்ஸீட்டரும் கிட்டத்தட்ட முழுசாகக் காணோம், கடல் தரையில் பள்ளம் மட்டும் இருக்கிறது. பார்ஜ் என்ற தட்டைப் படகில் கிரேன் வைத்து, அதன் இரும்புப் பிடியை இறக்கி, கிடைத்ததைப் பிய்த்து எடுப்பது. உள்ளே இருந்தவர்களின் எலும்பையும் சேர்த்துத்தான். குவாந்தான் பக்கத்தில் கிடக்கிற இரண்டு பெரிய கப்பலிலும் இதே வேலை நடந்திருக்கிறது, 2023இல் மலேசியா ஒரு பார்ஜைப் பிடித்தது.

பேரன் கோபப்பட்டான். எனக்கு முழுசாகக் கோபம் வரவில்லை, அதுதான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருடம் கேஸ் கட்டர் பிடித்தவன் நான். புரொப்பல்லர் வெண்கலம் கிலோ என்ன போகும் என்று எனக்கும் தெரியும். பார்ஜில் நிற்கிறவன் கூலிக்காரன், நம்மைப் போல எங்கேயோ கடன் வாங்கி வந்தவனாக இருப்பான், கீழே கிடப்பது யார் கப்பல் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. பழைய கப்பல் ஒன்றில் டேங்க் வெட்டும்போது ஒரு தகர டப்பா கிடைத்ததே, உள்ளே ஒரு சின்னப் பெண்ணின் போட்டோ, பின்னால் ஏதோ பிலிப்பைன்ஸ் பாஷையில் எழுத்து. எவனோ மறந்துவிட்டுப் போனது. நான் தூக்கிப் போடு என்றேன். நீ சட்டையில் துடைத்து, பையில் வைத்து, ஷிஃப்ட் முடிந்து ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாய், அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பார்ஜில் அப்படி ஒருத்தன் இருந்தாலும் கிரேன் பிடிக்குக் கண் கிடையாது.

பேரன் இப்போது பெரிய கப்பலை விட்டுவிட்டு எலெக்ட்ராவைப் பற்றியே எழுதப்போகிறான். உன் தாத்தா கதையைச் சேர்க்க வேண்டுமாம், அவர் எந்தத் துறையில் வேலை பார்த்தார், அன்றைக்கு அவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்தாரா, அவர்கள் ஏதாவது பேசினார்களா என்று உன் அத்தையிடம் கேட்டு உடனே எழுது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

தை பிறந்ததும் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. கோடாலித் தைலம் இரண்டு டஜன் எடுத்து வைத்திருக்கிறேன், அத்தைக்குத் தனியாக ஒரு டஜன். வேறு என்ன வேண்டும் என்று சொல்.

உன் பழைய அறைத் தோழன்